சௌமாகன் சண்டை

"எதிர்த்த கடைப்பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்துடாதீங்கம்மா. அவ போடுறது சௌமாகனே இல்ல!"

தட்டை மேசையில் வைத்த கடைக்காரர் ஓட்மார், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கெர்ஸ்டின் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தாள். ஊர் ஊராகப் போய் அந்தந்த வட்டாரத்துச் சாப்பாட்டை ருசி பார்த்து, பயணிகளுக்காகப் புத்தகம் எழுதுவது அவள் வேலை. வடக்கே ஹாம்பர்க்கிலிருந்து தென்மேற்கு ஜெர்மனியின் ஃபால்ஸ் வட்டாரம் வரை வந்துவிட்டு சௌமாகன் சாப்பிடாமல் திரும்ப முடியுமா? பன்றியின் இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துப் பதமாக வேகவைத்து, கனமான துண்டுகளாக்கி வெண்ணெயில் வறுத்திருந்தார்கள். பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ். ஒரு கோப்பை வெள்ளை ஒயின்.

"அவங்க என்ன போடுறாங்க?" என்று கேட்டாள்.

"செஸ்ட்நட்டு! இனிப்புக் கொட்டையைப் போட்டு, பண்டிகைக்குப் பலகாரம் பண்றாளாம். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பசி போயிடும்."

எதிர்வாசலில் ஒரு பெண் கரண்டியோடு வந்து நின்றாள். "யோவ் ஓட்மார்! என் சாப்பாட்டைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, உன் நாக்கை அறுத்து இரைப்பைக்குள்ள போட்டு வேகவச்சிருவேன்!"

"வேகவை! அதுலயாவது கொஞ்சம் ருசி இருக்கும்!"

பேருந்திலிருந்து இறங்கிய டச்சுக்காரக் கூட்டம் ஒன்று அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது. பாதிப்பேர் இந்தக் கடையில் உட்கார்ந்தார்கள், பாதிப்பேர் அந்தக் கடைக்குப் போனார்கள்.

மறுநாள் மதியம் கெர்ஸ்டின் எதிர்க்கடையில் சாப்பிட்டாள். செஸ்ட்நட் போட்ட சௌமாகன் லேசான இனிப்போடு நாக்கில் கரைந்தது.

"எப்படி?" என்றாள் கடைக்காரி ரோஸ்வித்தா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"பிரமாதம். உண்மையைச் சொன்னா, ரெண்டுமே பிரமாதம்."

"அவன் கடையிலயும் சாப்பிட்டீங்களா? உருளைக்கிழங்கை அமுக்கி வச்சா அது சாப்பாடா, மூட்டையா? அந்த ஆளைக் கட்டிக்கிட்டவ என்ன பாவம் பண்ணாளோ!"

"எத்தனை வருஷமா இந்தச் சண்டை?"

"அது கிடக்கு, அவன் கடை திறந்த நாள்லேருந்து" என்று சொல்லிவிட்டு ரோஸ்வித்தா உள்ளே போய்விட்டாள்.

கெர்ஸ்டினுக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய இரண்டு அண்ணன்களும் அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒருவன் வந்தால் இன்னொருவன் வரமாட்டான். நடுவில் போய்ப் பேசிப் பார்த்து, இரண்டு பக்கமும் வசவு வாங்கியதுதான் மிச்சம். போயும் போயும் ஒரு உருளைக்கிழங்குக்காக இரண்டு நல்ல மனிதர்கள் வாழ்நாளை வீணாக்குவதா? சொந்த வீட்டில் முடியாததை இங்கேயாவது முடித்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று, சதுக்கத்தில் கூட்டம் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, இரண்டு கடையிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வாங்கினாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீரூற்று மேடைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே வாங்க!"

வந்தார்கள்.

"என் புத்தகத்துல உங்க ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல போடப்போறேன். அதுக்கு முன்னாடி, நீங்க அவங்களோடதைச் சாப்பிடுங்க. அவங்க உங்களோடதைச் சாப்பிடட்டும்."

ஓட்மார் முகம் வெளுத்தது. "வேணாம்மா. எங்க விஷயம் உங்களுக்குத் தெரியாது."

"நல்லது பண்றேன்னு கெடுத்துடாதீங்கம்மா" என்றாள் ரோஸ்வித்தா. அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை.

"சாப்பிடுங்க! சாப்பிடுங்க!" என்று கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. எல்லார் கையிலும் கேமரா. வேறு வழியில்லாமல் இருவரும் ஆளுக்கொரு வாய் எடுத்து வைத்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று தரையைப் பார்த்துக்கொண்டே முனகினார் ஓட்மார். கையையும் நீட்டிவிட்டார். ரோஸ்வித்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து அவர் கையைப் பற்றினாள். அவள் கண் கலங்கிவிட்டது. கெர்ஸ்டினுக்கும்தான்.

கூட்டம் ஆரவாரம் செய்து, படம் எடுத்துக்கொண்டு, மெல்லக் கலைந்தது. சண்டை ஓய்ந்த சதுக்கத்தில் எந்தக் கடையிலும் யாரும் சாப்பிட உட்காரவில்லை.

ஊர் எல்லையில் நின்ற பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள் கெர்ஸ்டின். உள்ளே இருந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"ஓட்மாரையும் ரோஸ்வித்தாவையும் சேர்த்து வச்சிட்டேன். ஊரே பார்க்கக் கைகொடுத்துட்டாங்க!"

வண்டியைக் கிளப்பப் போன உள்ளூர் ஓட்டுநர் எர்வின் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அடக் கடவுளே! யாரு முதல்ல கைநீட்டினது?"

"ஓட்மார்தான். பெரிய மனசு அவருக்கு."

"செத்தான்" என்றார் எர்வின். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்தப் புருஷன் பொண்டாட்டிக்குள்ள நிஜமா ஒரு சண்டை வந்து நாங்க யாரும் பார்த்ததில்ல. பொழைப்பு நடந்ததே அந்தப் பொய்ச் சண்டையிலதான். இன்னைக்குக் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனதும் முதல் சண்டை ஆரம்பிக்கும் பாருங்க!"