இடது பக்கம் இழுக்கும் வண்டி

"இன்னும் இடது பக்கம்தான் இழுக்குதுண்ணே" என்றாள் அனாரா, காரை விட்டு இறங்கியபடி.

ஜெனிஷ் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். மறுபடியுமா?

கோச்கோர் ஊரின் கடைசியில், நாரின் நகரத்துக்குப் போகும் மலைச்சாலையோரம் அவனுடைய வீல் அலைன்மென்ட் பட்டறை. அதைத் தாண்டினால் தொலோன் கணவாய்தான். ஏற்றமும் வளைவும் பனியுமான பாதை. தன் கைபட்ட வண்டி அதில் ஏறுகிறதென்றால் அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்காது.

காலையில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தன் தாயோடு வந்து நின்றாள் அனாரா. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து, கம்பி தெரிகிற நிலையில் இருந்தன. தம்பி உலான் நாரின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், சீக்கிரம் சரிசெய்து விடுங்கள் என்று கெஞ்சினாள். பாவமாக இருந்தது. காத்திருந்த லாரிக்காரனைச் சமாதானப்படுத்திவிட்டு, அவள் காரை முதலில் மேடையில் ஏற்றினான் ஜெனிஷ்.

அந்த இரண்டையும் கழற்றி வேறு டயர் மாட்டி, சக்கரங்களின் கோணத்தைத் திருத்தினான். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சை. அவன் வண்டியை இறக்கும்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. டயர் குவியலுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் இந்த வம்பு. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இழுக்கிறது என்றாள். அவன் மறுபடி ஏற்றிப் பார்த்துக் கொடுத்தான். இப்போதும் இழுக்கிறதாம்.

ஜெனிஷ் தானே ஓட்டிப் பார்த்தான். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

"உங்களுக்கு நேராத்தான் போகும். மலையில உருளப்போறது நானும் எங்கம்மாவும்" என்றாள்.

அந்தச் சொல் அவனைக் குத்தியது. ஒருவேளை மெஷின்தான் பொய் சொல்கிறதோ? ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதாவது? காருக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பயத்தைக் கூட்டியது.

பெஞ்சில் இருந்த தாய்க்கிழவி எழுந்து வந்தாள். மகனுக்காகக் கொண்டுவந்த ஆட்டுக்கறிச் சாறு இருந்த பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும்டி. மெதுவாப் போயிடலாம். பையன் வாசலையே பாத்துட்டுக் கிடப்பான்."

"சும்மா இரும்மா. சரியாகாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சீறினாள் அனாரா.

லாரிக்காரன் அவள் காதுபடவே முணுமுணுத்தான். கூடப் பிறந்தவன் உயிருக்குப் போராடுகிறான், இவளுக்கு டயர் தேயுமே என்று கவலை. ஜெனிஷுக்கும் அதேதான் தோன்றியது. எப்பேர்ப்பட்ட பிறவி இவள்!

கிழவியின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இங்க பாரு தங்கச்சி, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வண்டியில குறையில்ல. நீ நம்பலேன்னா இங்கயே இரு. அம்மாவை என் வண்டியில நானே ஆஸ்பத்திரியில கொண்டு விட்டுடறேன்."

கிழவி அப்போதே அவன் வண்டியை நோக்கி நடந்தாள். அனாரா பாய்ந்து போய் அதன் கதவை மறித்து நின்றாள்.

"எங்கம்மாவை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க. மறுபடி தூக்குங்க வண்டியை."

கிழவி பெஞ்சுக்கே திரும்பினாள். மகள் இன்னும் கதவை விட்டு நகராததைக் கண்ட ஜெனிஷ், வெறும் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டான். இவளோடு யார் மல்லுக்கட்டுவது? மறுபடி காரை மேலே ஏற்றினான். முடுக்கிய போல்ட்டையே தளர்த்தி, தளர்த்தியதையே முடுக்கினான்.

மதியம் சாயும் நேரத்தில் நாரின் பக்கமிருந்து இரண்டு கார்கள் வந்து நின்றன. வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். கூடவே இரண்டு பெண்கள். யாரும் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய் கிழவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் அவளுடைய தோளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் அவள் மடியிலிருந்த பிளாஸ்க்கை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

சாவுச் சேதியை இப்படிச் சொந்தக்காரப் பெரியவர்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஜெனிஷின் கையிலிருந்த ஸ்பானர் நின்றது.

கிழவியின் ஓலம் கிளம்பியது.

அம்மாவிடம் ஓடப்போன அனாரா ஒரு கணம் அவன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க முதல்ல இறக்கினப்பவே வண்டி நேராத்தான் ஓடுச்சுண்ணே. அப்ப வந்த போன்லதான் தம்பி போன சேதி. பெரியவங்க வந்து பக்கத்துல உக்காந்து சொல்ற வரைக்கும், அம்மாவை நிறுத்தி வைக்க எனக்கு வேற வழி தெரியல."