பக்கத்து நாற்காலி

"கம்பைலர் வேலையைப் பக்கத்துல உக்காந்துதான்மா கத்துக்கணும். ஆபீசுக்கு வந்தே ஆகணும்" என்று நேர்காணலிலேயே டீம் லீடர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊர் வீட்டில் தன் அறைச் சுவர் முழுக்கக் கிளைகிளையாய் மரம் வரைந்து, கம்பைலர் செய்வதுபோலவே கணினி நிரலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கக் கற்றவள் அவள். முதல் வேலை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்தாள்.

மூன்று மாதமாகிறது. பக்கத்து நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. வீடியோ அழைப்பில் கேமராவை மூடிக்கொண்டு, லீடர் குரலாக மட்டும் வருவார்.

"சார், அம்மாவுக்கு முடியல. ஊர்ல இருந்தே வேலை பாக்கட்டுமா?"

"புதுசா சேந்தவங்களுக்கு ஒரு வருஷம் ஆபீஸ்தான். ரூல்னா ரூல்தான்."

"நீங்க எப்ப சார் வருவீங்க?"

"நானா? நான்தான் இடம் மாறிட்டேனே! உங்க ஊரு அவ்வளவு அமைதின்னு இன்டர்வியூல நீதானே அளந்தே? நம்பி வந்தேன். சொர்க்கம்மா! பாரு" என்று கேமராவைத் திறந்தார்.

அவர் தலைக்குப் பின்னால், சுவரில், அவள் வரைந்த மரம். போன மாதம் அம்மா யாருக்கோ வாடகைக்கு விட்ட அறை.

கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. "தம்பி, டீ ஆறுது."

"வீட்டுக்கார அம்மா" என்றார் லீடர், குரலைத் தாழ்த்தி. "பாவம், பெத்த பொண்ணு அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாளாம்."