ஆறாவது நாள் ஜுரம்

“டாக்டர், குழந்தைக்கு ஆறு நாளா ஜுரம் விடல.”

இன்று ‘சாப்பிட்டியா’ என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா நேராகத் தாய் வேடத்தில் இறங்கிவிட்டாள்.

அவன் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விடுதி அறையின் கதவைக் காலால் சாத்தினான்.

நாளைக் காலை குழந்தை மருத்துவத்தில் செய்முறைத் தேர்வு. இரண்டாவது முறை. இதிலும் கோட்டை விட்டால், கூடப் படித்தவர்கள் எல்லாரும் டாக்டராகி வார்டைச் சுற்றிவரும்போது இவன் மட்டும் மாணவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன முறை தோற்றதற்குப் படிக்காதது காரணமல்ல, அவசரம். தாய் வாயைத் திறக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறான் என்று தேர்வாளர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார்.

அந்த அவசரத்துக்கு மருந்து கண்டுபிடித்தவள் அக்காதான். மின்சார அலுவலகத்தில் தொலைபேசிப் புகார்களைக் கேட்பது அவள் வேலை. மனிதர்கள் எதை முதலில் கொட்டுவார்கள், எதை மென்று முழுங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு மாதமாக மாலைதோறும் அவள் தாய், அவன் டாக்டர். அவனுடைய பாடப்புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்று அவளிடம் இருந்தது. வைத்தியம் முடிவாகும்வரை இருவரும் வேடத்தைக் கலைக்கக் கூடாது. அது ஒப்பந்தம்.

போன வாரம், வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளையின் தாயாக வந்தாள். “தண்ணி குடுத்தா இன்னும் போகுமே, நீங்க நெஜமாவே படிச்சவருதானா?” என்று குடைந்தெடுத்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஏன் மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அவனுக்கே நாக்கு வறண்டுவிட்டது. அதற்கு முன்னால், வெறும் மூக்கொழுகலுக்கு ஊசி போட்டே தீர வேண்டுமென்று அடம்பிடித்தாள்.

இன்றைய தாய் அந்த ரகம் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

“என்ன வயசுங்க?”

“ரெண்டரை.”

“சளி, இருமல்?”

“இல்ல.”

“கண்ணு?”

“ரெண்டும் செவந்து கெடக்கு.”

“பூளை தள்ளுதா?”

“கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கம் புரட்டுவதைக்கூட எவ்வளவு சாமர்த்தியமாக வேடத்துக்குள் ஒளிக்கிறாள்.

“பூளை இல்ல. சுத்தமா இருக்கு.”

தட்டம்மை என்று நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கினான். இந்த மாதிரி இடத்தில்தான் போன முறை சறுக்கினான். தட்டம்மை என்றால் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டான். இரண்டு தவணையும் போட்டாயிற்று என்றாள்.

உதட்டைப் பற்றிக் கேட்டான். வெடித்து ரத்தம் கசிகிறது, தண்ணீர் பட்டாலே அழுகிறாள் என்றாள். நாக்கு? மறுபடியும் ஓர் இடைவெளி. செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாகத் தடித்திருக்கிறதாம். நேற்றிலிருந்து வயிற்றிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள்.

“கை கால்ல வீக்கம்?”

“காலைல செருப்பு போட்டுவிட்டேன், ஏறல. வளந்துட்டாளோன்னு நெனச்சேன்.”

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. அக்காவின் சொந்தச் சரக்கு. முடிந்ததும் பாராட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, தேர்வாளர் எதிரில் இருப்பதுபோல நிமிர்ந்து நின்றான்.

“அம்மா, இது கவாசாகின்னு ஒரு நோய் மாதிரி இருக்கு. ரத்தக் குழாய்ல வர்ற அழற்சி. கண்டுக்காம விட்டா இதயத்துக்கு ரத்தம் போற குழாய் வீங்கிடலாம். அதனால இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கணும், நரம்பு வழியா இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்து ஏத்தணும். ஜுரம் வந்த பத்து நாளுக்குள்ள ஏத்திட்டா பெரும்பாலான பிள்ளைங்க நல்லாத் தேறிடும். உங்களுக்கு நேரம் இருக்கு. ஆனா நாளைக்குன்னு தள்ளக் கூடாது.”

“பக்கத்து கிளினிக்குல சாதாரண ஜுரம்னாங்களே?”

எல்லாத் தாயும் கேட்கிற கேள்வி. தேர்வாளரும் கேட்பார். அவன் குரல் பிசகவில்லை.

“சாதாரண ஜுரத்துல இத்தனையும் ஒண்ணு சேந்து வராதுங்க. கெளம்பி வாங்க.”

“எங்க வரணும்?”

“எங்க ஆஸ்பத்திரிக்கே வாங்க. குழந்தைங்க அவசரப் பிரிவு. வாசல்ல நானே நிக்கறேன், போதுமா?”

“அப்ப நில்லு. வண்டில ஏறிட்டோம்.”

அது தாய் வேடத்தின் குரல் இல்லை. அக்காவின் குரல். அதற்குப் பின்னால் காரின் கதவு அடைபடும் சத்தம் கேட்டது. ‘பாப்பாவ மடில சாச்சுக்கோ’ என்று அத்தான் சொல்வது கேட்டது. அதற்கும் அடியில், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு சின்ன அழுகை.

அவன் அதற்குள் விடுதியின் படிகளில் பாதி இறங்கியிருந்தான்.

“ஏன்க்கா, நேரா எங்கிட்ட கேக்கக் கூடாதா?”

“கேட்டேனே. திங்கக்கெழமை தம்பிகிட்டதான் கேட்டேன். வைரஸா இருக்கும், விடுக்கான்னான்” என்றாள். “அதான் இன்னைக்கு டாக்டர்கிட்ட கேட்டேன்.”