பற்றாத அடுப்பு

"ஏலே, உனக்க அடுப்பத் தூக்கிக் கடல்ல போடவா, இல்ல நீயே கொண்டு போறியா?"

ததேயுஸ் போட்ட சத்தத்தில், அடுப்பு விற்ற டைட்டஸ் பைக்கை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் கருவாட்டு ஷெட்டுக்குள் ஓடி வந்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? கோட்டாறிலிருந்து சைபுதீன் பாய் பஸ் ஏறிக் குளச்சலுக்கு வந்து அரை மணி நேரமாகிறது. இருபது சாக்கு கருவாட்டையும் மொத்தமாக எடுக்க வந்தவர். முதல் வியாபாரம். இது நல்லபடியாக முடிந்தால் வருஷம் முழுக்க ததேயுஸ் வேறு ஆளைத் தேட வேண்டாம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சாயா கொடுக்க வக்கில்லாமல் ஷெட் முழுக்கப் புகை.

டைட்டஸ் அடுப்பின் முன் குந்தினான். சுவிட்சைப் போட்டதும் அடியில் ஃபேன் சுற்றியது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது. சாம்பலைக் கொட்டி, காற்றுத் துளைகளைக் குத்திவிட்டான். சுண்டுவிரல் அளவில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை ஒரு கை அள்ளிப் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைத்தான். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் தீயும் தீர்ந்தது. மறுபடி புகை.

ஒரு பெல்லட்டை எடுத்து நசுக்கினான். புட்டு மாதிரி உதிர்ந்தது.

"அண்ணே, அடுப்புல குத்தம் இல்ல. பெல்லட்டு நனஞ்சிருக்கு."

அவ்வளவுதான், ததேயுஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நேற்று மதியம் அந்தப் பெல்லட் சாக்கைக் கொண்டுவந்து இறக்கியதே டைட்டஸ்தான்.

"எடை கூடதுக்குத் தண்ணி தெளிச்சு விக்கவன் எல்லாம் ஒரு மனுசனாலே? நம்பி வாங்குகவன் வயித்தெரிச்சல் உன்னச் சும்மா விடுமா?"

சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் வியாபாரத்தில் நாணயமே செத்துப்போச்சு என்று பாயிடம் வருத்தப்பட்டார். பாயும் தலையாட்டினார்.

சாக்கு இறக்கும்போது நன்றாகக் காய்ந்துதான் இருந்தது என்று டைட்டஸ் சொன்னதை யார் கேட்டார்கள்? ததேயுஸ் செல்போனை எடுத்தார். நாகர்கோவிலில் இருக்கும் அடுப்புக் கம்பெனி மேனேஜரிடம் சொல்லி இவன் வேலைக்கு உலை வைத்துவிட்டுத்தான் மறுகாரியம் என்றார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது, வேண்டாம் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் நம்பரை அழுத்தினார்.

மூலையில் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்த வேலைக்காரி குளோரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள்.

"போன வையுங்க அண்ணே. அவன் பாவம். தப்பு எனக்க கையில."

"நீ என்னட்டி செஞ்ச?"

"நாளைக்கு பாய் வருவாரு, வரிசையில இருக்க சாக்கு அத்தனைக்கும் தண்ணி தெளிச்சு விடுன்னு நேத்து சாயந்திரம் சொன்னியல்லா? இந்தப் பெல்லட்டுச் சாக்கும் அந்த வரிசையிலதான் இருந்துச்சு. நான் கவனிக்காமத் தெளிச்சிட்டேன்."

போனில் மேனேஜர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

சைபுதீன் பாய் எழுந்துபோய், முதல் கருவாட்டுச் சாக்கின் கட்டை அவிழ்த்து உள்ளே கை விட்டார். வெளியே எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி டைட்டஸ்," என்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னக் கொண்டு விடுவியா?"