காக்கநாடு வரை

தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஊரே இந்த டிராஃபிக் பிளாக்கைத் திட்டித் தீர்க்கும். எனக்கு மட்டும் இது பிடிக்கும். பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறதே.

பக்கத்து இருக்கையில் ஸ்நேஹா இட்லியை முடித்துவிட்டு டப்பாவை மூடினாள். ஏழு மாதமாகக் காலையில் என் காரில்தான் அவள் ஆபீஸ் போகிறாள். மேனேஜரின் அல்பத்தனம், தம்பி பைக்கில் போய் விழுந்தது, அவள் வேண்டாம் என்று சொன்ன திருப்பூணித்துறை மாப்பிள்ளை, எல்லாம் எனக்கு அத்துப்படி.

என் வீட்டுக்காரர் போய் நான்கு வருடமாகிறது. வீட்டில் டிவிதான் என்னோடு பேசும். நான் சொல்வதை அது கேட்காது.

"ஜெயா மாமி, நாளையிலேர்ந்து நான் வாட்டர் மெட்ரோ படகுல போறேன். மட்டாஞ்சேரி படகுத்துறையில ஏறினா எறணாகுளம், அங்கேர்ந்து மெட்ரோ. பிளாக்கே கிடையாது, கேட்டேளா?"



முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. என்றைக்கும் இல்லாமல் இன்று சீக்கிரமே நகர்ந்து தொலைத்தன.

"மாமியும் வாங்கோளேன். ரெண்டு பேருக்கும் ஆபீஸ் ஒரே கேட்டுக்குள்ளதானே? ஒத்தை ஆளுக்கு எதுக்கு ஒரு கார்?"

கூட வா என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம்! சரி என்பது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். படகு என்றால் எனக்குத் தலை சுற்றும் என்றேன்.

மாமிக்குக் கார் மோகம் என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஐடி பார்க் கேட்டில் இறக்கிவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன், நீ போ என்றேன், தினமும் சொல்வதுபோல. ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாள். இன்று ஒரு தடவை திரும்பிக் கையாட்டினாள்.

படகில் வந்தால் இந்த கேட் வரை அவளோடு நடந்து வர வேண்டும். அப்புறம் உள்ளேயும் போக வேண்டும்.

உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் சுள்ளிக்கல் பஸ் ஸ்டாப்பில் அவள் மழையில் நனைந்துகொண்டு நின்றாள். எங்கே போகணும் என்று கேட்டேன். காக்கநாடு என்றாள். நானும் அங்கேதான் போகிறேன் என்று கதவைத் திறந்துவிட்டேன்.

தேங்காய் வாங்கத்தான் கிளம்பியிருந்தேன்.