கை கழுவத் தெரியாதவள்

சுகாதார ஆய்வாளர் வேதகிரி ஜீப்பிலிருந்து ஒரு டிரம் தண்ணீரை இறக்கி வைத்தார். செங்கேணியின் கண் அதைவிட்டு நகரவில்லை.

இருளர் குடியிருப்பில் அடிபம்பு பழுதாகி இருபது நாள். குடிக்கவும் சமைக்கவும் அரை மைல் நடந்து இரண்டு குடம் கொண்டுவருவதே பெரும்பாடு. செடிக்கு எங்கே போவது?

ஊரார் கழனியிலேயே நாற்று நட்டுப் பழகிய கை அவளுடையது. இந்த வருஷம்தான் முதன்முதலாகக் குடிசையைச் சுற்றிச் சொந்தமாக ஏழு சுரைக்கன்று. ஏழும் நேற்றே தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இன்றைய வெயிலைத் தாங்காது.

"பன்றிக் காய்ச்சல் மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டது. உத்திரமேரூருக்கு வர எம்மா நேரம்? தெனம் பத்து தபா சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்றார் வேதகிரி.

"எந்தத் தண்ணில சார்?" என்றான் அவள் புருஷன் முனியன்.

"பம்ப் எங்க டிபார்ட்மென்ட் இல்லப்பா. எழுதினா திருப்பி அனுப்பிடுவான்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஜீப் ஓரமாகவே நின்று செய்துகாட்டினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, கட்டைவிரல், நகக்கண். ஆறு படி. முனியன் டிரம்மிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றினான். தண்ணீர் கட்டாந்தரையில் ஓடி வீணானது.

செங்கேணி வாடிக் கிடந்த கன்றுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெயிலு கண்ணக் கூசுது சார், ஒண்ணும் தெரியல. இப்டி குடிசையாண்ட வந்து காட்டு சார்."

வந்தார். முதல் கன்று நனைந்தது.

"கட்ட வெரலு முன்னாடியா, நகம் முன்னாடியா? மறந்துபூட்சி சார். இந்தாண்ட நெழலு கீது, வா சார்."

இரண்டாவது.

பிறகு இடதுகையில் சந்தேகம் வந்தது. பிறகு விரலிடுக்கில் வந்தது. முனியனோ ஒரு கைக்கு மூன்று சொம்பு ஊற்றினான். பக்கத்துக் குடிசை மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆறு கன்று நனைந்தபோது வேதகிரியின் விரல்கள் ஊறி வெளுத்துப்போயிருந்தன. டிரம்மில் மிச்சம் ஒரே ஒரு சொம்பு.

அவர் நிமிர்ந்து, ஈரமான குழிகளை வரிசையாக ஒருமுறை பார்த்தார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் செங்கேணி.

வேதகிரி நோட்டை எடுத்து எழுதினார். கைநாட்டு வாங்குமுன் படித்துக்காட்டுவது அவர் வழக்கம்.

"செங்கேணி, கணவர் பெயர் முனியன். ஏழு தடவை செய்துகாட்டியும் இவருக்குக் கை கழுவத் தெரியவில்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. முதல் தடவையிலேயே ஆறு படியும் மனப்பாடம்.

வேதகிரி முகத்தில் ஒன்றும் காட்டாமல் மேலே படித்தார்.

"ஆகவே நாளைக் காலை இரண்டு டிரம் தண்ணீருடன் மீண்டும் வந்து பயிற்சி அளிக்க வேண்டியுள்ளது."

செங்கேணி கட்டைவிரலை மையில் அழுத்திப் பதித்தாள்.

பிறகு அந்த மை போக, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒரு படியும் பிசகாமல் கை கழுவினாள்.

முனியன் கடைசிச் சொம்பை ஊற்றினான், ஏழாவது கன்றுக்கு மேலே.