ஞாயிறு மாலை நாலு மணி நேரம்

பதினோராவது முறையாகக் குணசீலன் மாநகராட்சி அலுவலகத்தின் அந்த ஜன்னல் முன்னால் போய் நின்றார். ஞாயிறு மாலை நாலு மணி நேரம் தெருவை அடைத்துவிட்டு, நாற்பது வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம் என்று மூன்று இடத்துக் கையெழுத்து. நடையாய் நடந்து மூன்றாவதை வாங்கி வந்தால், முதல் கையெழுத்துக்குத் தேதி முடிந்துபோயிருக்கும்.

"போன மாசம் எங்க தெருவுல ஒரு சாவு. ரெண்டு நாள் தெருவையே அடைச்சுப் பந்தல் போட்டாங்களே, அப்ப யார் சார் வந்து கேட்டீங்க?" என்று கத்தினார்.

"சாவுக்கெல்லாம் யாராவது பர்மிஷன் கேப்பாங்களா?" கிளார்க் நிமிரவே இல்லை.

குணசீலன் விண்ணப்பத்தை அங்கேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு மாலை தெருமுனையில் சாமியானா எழுந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சங்கு ஊத ஒருவர். வந்த வண்டியெல்லாம் ஹாரன்கூட அடிக்காமல் திரும்பிப் போயிற்று. உள்ளே பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். பிள்ளைகள் நடுரோட்டில் கயிறு இழுத்தார்கள்.

ரோந்து வந்த கான்ஸ்டபிள் பைக்கை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இறந்தது யாருங்க?"

பாதி இலையில் எழுந்து வந்த குணசீலனுக்கு அந்தப் பதினோரு நடையும் நினைவுக்கு வந்தன.

"நான்தாங்க."

கான்ஸ்டபிள் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டாமலே போய், ஓரமாகக் கிடந்த இரும்புத் தடுப்பைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துவிட்டார்.